தவறான தண்டனைகளுக்குப் பொலிசார் மட்டும்தான் காரணமா, நீதிமன்றங்களுக்கும் பங்கு உண்டா?

உண்டு. நான் சட்டத்தரணி இல்லை. நீதிமன்ற உரைபெயர்ப்பாளராக, பழைய பெயரில் சொன்னால் முதலியாராக, இருந்து ஓய்வுபெற்றுத் திருகோணமலையில் வீட்டோடு இருப்பவன். சாட்சிக்கும் நீதிபதிக்கும் நடுவில் நின்றே என் காலம் போனது.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிங்களத்தில் நடவடிக்கை நடக்கும், வெளி மாவட்டத்திலுள்ள நீதிமன்றம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். கொள்ளை வழக்கு. சாட்சி மூதூர்க்காரர், அதிகாலையில் லாஞ்சில் கடல் கடந்து, பிறகு பஸ் ஏறி வந்திருந்தார். “இருட்டுக்குள் ஒரு ஆள் தெரிந்தது” என்றார். உருவம் ஒன்று கண்ணில் பட்டது, அவ்வளவுதான். நானோ அவர் அறிந்த ஆளைக் கண்டதாகப் பொருள்படச் சிங்களத்தில் சொல்லிவிட்டேன். ‘தெரிந்தது’ என்ற சொல் தமிழில் இரண்டு வேலை செய்யும். அன்று எனக்கிருந்த பதற்றத்தில் அது உறைக்கவில்லை. எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், சட்டத்தரணிக்கு இரண்டு மொழியும் தெரியும். உடனே எழுந்து தடுத்தார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். வரி திருத்தப்பட்டது. அவர் எழுந்திராவிட்டால், இருட்டில் நிழலைக் கண்ட மனிதர் ஆளை அடையாளம் காட்டிய சாட்சியாகியிருப்பார்.

ஒருவர் வாயால் சொன்னது தாளுக்கு வரும்போது இப்படி உருமாறும். அதன்பின் நீதிமன்றம் நம்புவது தாளைத்தான். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடும். இடையில் நீதிபதிகளுக்கு இடமாற்றம் வரும். முன்னவர் பதிந்த சாட்சியத்தை வைத்தே புதியவர் தொடர்வதற்கு 1978 ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தின் 48 ஆம் பிரிவு இடம் தருகிறது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பல வழக்குகள் முடியவே மாட்டா என்பதும் உண்மை. ஆனால் சாட்சி எந்தக் கேள்விக்குத் தொண்டை கனைத்தார், எங்கே நிலத்தைப் பார்த்தார் என்பதெல்லாம் தட்டச்சுப் பிரதியில் இராது.

பொலிசார் மட்டும்தானா என்று கேட்டீர்கள். சாதாரண வழக்கில் பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராகப் பாவிக்க முடியாது. 1895 ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு அந்தக் கதவைத் திறந்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவர் பதிந்திருந்தால் போதும். அடித்து வாங்கியது என்றால், அதைக் காட்டும் சுமை எதிரியின் தலையில். பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு அவன் யாரைச் சாட்சிக்கு அழைப்பான்?

மட்டக்களப்பைச் சேர்ந்த நல்லரத்தினம் சிங்கராசா 1993 இல் கைதானார். தமிழ் மட்டும் தெரிந்தவர். சிங்களத்தில் தட்டச்சான வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம். 1995 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அதைக் கொண்டே 50 ஆண்டுகள் விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 35 ஆகக் குறைத்தது. விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004 இல் சொன்ன பிறகும், 2006 இல் உயர் நீதிமன்றம் அசையவில்லை. அக்குழுவிடம் முறையிட வழிவிட்ட உடன்பாட்டில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றது. வாக்குமூலத்தை எடுத்தவர்கள் பொலிசார்தான். அதை வாங்கி வைத்துக்கொண்டது யார்?

தீர்ப்பு எழுதுவதிலும் ஒரு பழக்கம் உண்டு. “அரச தரப்புச் சாட்சியை நம்புகிறேன், ஆகவே எதிரி சொல்வது பொய்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இரு தரப்பையும் பிரித்து வைக்காமல் முழுமையாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 1980 இலேயே ஜேம்ஸ் சில்வா வழக்கில் சொல்லியாயிற்று. மேன்முறையீடுகளில் இன்னும் அதே வழக்கை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சிறு வழக்குகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கசிப்பு என்ற கள்ளச் சாராய வழக்கில் பிடிபட்ட கூலிக்காரனுக்கு ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் சம்பளம், பஸ் காசு. தான் செய்யவில்லை என்று சொல்லி விசாரணை கேட்டால் எத்தனை தவணை அலைய வேண்டுமோ! குற்றவாளி என்று சொல்லித் தண்டப்பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறான். மன்றும் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டு அடுத்த இலக்கத்தைக் கூப்பிடுகிறது. பிறகு எப்போதாவது வேறொன்றில் மாட்டினால், ‘முற்குற்றம் உண்டு’ என்று இதே தாள் எழுந்து வரும்.

மேன்முறையீடு இருக்கிறதே என்பீர்கள். அங்கே பெரும்பாலும் சாட்சி மறுபடி வருவதில்லை, வழக்கேடு மட்டுமே போகும். என்னுடைய அந்த வரி திருத்தப்படாமல் போயிருந்தால், மேலே இருக்கும் நீதிபதிகளுக்கும் அது பிழையற்ற சிங்கள வாக்கியம்தான். எத்தனையோ வழக்குகளில் மொழிபெயர்த்திருக்கிறேன். எதிரியின் சட்டத்தரணிக்கு இரண்டு மொழியும் தெரியுமா என்று அதற்குப் பிறகு ஒருநாளும் நான் கேட்டுப் பார்த்ததில்லை.