தபால் துறை மேல் வழக்கு: வக்கீலிடம் கேட்டவை

கேட்டவர்கள் நீலகிரிக்காரர்கள். பதில் சொல்பவர் ஊட்டியில் தொழில் செய்யும் வழக்கறிஞர்.

கோத்தகிரியிலிருந்து: வக்கீல் சார், சென்னை ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கு ஸ்வெட்டரும் ரெண்டு பாக்கெட் வர்க்கியும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். போய்ச் சேரவே இல்லை. 4,000 ரூபாய் கேட்டு வழக்குப் போடலாமா?

போடலாம் அக்கா, ஆனால் முழுப் பணமும் வருவது கஷ்டம். தொலைந்தாலும் தாமதமானாலும் அரசு பொறுப்பில்லை என்று 1898 அஞ்சல் சட்டத்தின் 6வது பிரிவே சொல்லிவிட்டது. 2024 ஜூன் 18 முதல் அமலில் உள்ள புதுச் சட்டத்தில் 10வது பிரிவும் அதே பாட்டுத்தான்: விதியில் என்ன சொல்லியிருக்கிறதோ அந்த அளவுக்கே பொறுப்பு. ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தில் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், எது குறைவோ அது என்பதே நெடுநாள் கணக்கு. நீங்கள் கட்டியது 90 என்றால் கைக்கு வருவது 180. வர்க்கிக்குக்கூடக் காணாது! இன்ஷூர் செய்திருந்தால் கதை வேறு. ஊழியரே மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்திருந்தால் அவர் மேல் போகலாம். நிரூபிப்பது உங்கள் பாடு.

குன்னூரிலிருந்து: போஸ்ட்மாஸ்டர் பெயரில் வழக்குப் போட்டால் போதுமா?

போதாது. சிவில் கோர்ட்டில் பிரதிவாதி இந்திய ஒன்றியம். அதற்கு முன்னால் சிவில் நடைமுறைச் சட்டம் 80வது பிரிவுப்படி துறைச் செயலாளருக்கு நோட்டீஸ் கொடுத்து 2 மாதம் காத்திருக்க வேண்டும். நோட்டீஸை மறந்துவிட்டு ஓடிவருபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவசரம் என்றால் கோர்ட் அனுமதியோடு முன்கூட்டியே போகலாம். சின்னத் தொகைக்கு நுகர்வோர் ஆணையம் லேசு. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, 2 வருடத்துக்குள் மனுக் கொடுக்கலாம்.

கூடலூரிலிருந்து: அம்மாவின் சேமிப்புக் கணக்கிலிருந்து அவருக்குத் தெரியாமல் பணம் எடுத்திருக்கிறார்கள். இதற்கும் அந்த 180 ரூபாய்க் கதைதானா?

இல்லை தம்பி, இங்கே பிடி உங்கள் கையில். கிசான் விகாஸ் பத்திரப் பணத்தை மோசடியாக எடுத்த பிரதீப் குமார் வழக்கில், ஊழியர் வேலையின் போக்கில் செய்த மோசடிக்கு அஞ்சலகமும் வங்கியைப் போலப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. முதலில் பாஸ்புக்கை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்: எந்தத் தேதி, எவ்வளவு, முத்திரை இருக்கிறதா. அப்புறம் 10 ரூபாய் கட்டி, அந்தத் தேதியில் பணம் எடுத்த படிவத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதில் இருக்கும் கையெழுத்தோ கைநாட்டோதான் வழக்கே. பாஸ்புக்கை மட்டும் ‘சரிபார்க்க’ என்று யாரிடமும் நகல் எடுக்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

மஞ்சூரிலிருந்து: கிளை அஞ்சலகத்தில் ஜிடிஎஸ் (கிராம அஞ்சல் ஊழியர்) வேலை. நீக்கிவிட்டார்கள். முன்சீப் கோர்ட்டுக்குப் போகலாமா?

வேண்டாம். இந்த வேலை அரசின் சிவில் பதவி என்று 1977லேயே ராஜம்மா வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அதனால் போக வேண்டியது, மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளைக் கேட்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. முதலில் துறையில் மேல்முறையீடு. இறுதி உத்தரவு வந்து ஒரு வருடத்துக்குள் அங்கே போய்விடுங்கள்.