ஏரியில் இறங்கியவர் யார்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். காலனிய ஆட்சியில் கட்டாய உழைப்பு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக்காரன், வீராணம் ஏரித் தண்ணீரில் விவசாயம் செய்கிறவன். ஊர்க்காரர்களே ஏரியையும் வாய்க்காலையும் செப்பனிடும் குடிமராமத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டீர்களே? ஊரே கூடி வாய்க்கால் வெட்டிய காலத்தைப் பற்றித் தாத்தா வாயால் கேட்டு வளர்ந்தவன் நான். வெள்ளைக்காரன் கெடுத்த நல்ல ஏற்பாட்டை அவன் செய்த கொடுமையோடு சேர்ப்பது நியாயமா? தவிர, கூலிகள் பட்ட துன்பம் ஒரு கதை, காடும் ஏரியும் அழிந்தது வேறு கதை. இரண்டையும் ஏன் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள்?

கடைசியாக ஒன்று. எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி புதுச்சேரியில் கப்பலேறி, இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ரெயூனியன் தீவுக்குப் போனவர், திரும்பவில்லை என்பார்கள். அவரைப் பற்றி எங்கே தேடலாம்?

ஒரு வாசகர், காட்டுமன்னார்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

ஊர் கூடியது உண்மைதான். கூடிய ஊரில் மண்வெட்டி பிடித்தது யார், கரைமேல் நின்று வேலை ஏவியது யார் என்று தாத்தாவிடம் கேட்டீர்களா? நஞ்சை ஊர்களில் நிலம் மிராசுதாரர் பெயரில் இருந்தது. ஏரியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் அவருடைய பண்ணையாட்களும், கூலியாகத் தானியப்படி வாங்கும் படியாட்களும்தான். ஏரி நிரம்பினால் அவருக்கு இன்னொரு போகம். இவர்களுக்கு அளக்கிற படி அதேதான். இதைச் சொன்னால் நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. 2017இல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே திட்டம் தொடங்கியபோது பொற்காலக் கதைகள் நிறைய வெளிவந்தன. அவற்றில் சேரி இருந்த இடம் தெரியவில்லை.

ஆனாலும் பழைய ஏற்பாட்டில் ஒரு பிடிமானம் இருந்தது, மறுக்கவில்லை. மதகு பார்த்த நீர்க்கட்டிக்குக் களத்திலேயே பங்கு உண்டு. ஏரி தூர்ந்தால் மிராசுதாரர் வயிற்றிலும் அடி விழும். மேல்கீழ் இருந்தாலும் வேலையும் விளைச்சலும் ஒரே ஊருக்குள் கிடந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியார் விளைச்சலின் மேல்பகுதியை வரியாக வெளியே எடுத்துப் போனார்கள், வேலையை மட்டும் ஊரின் தலையில் வைத்துவிட்டார்கள்.

அதற்குச் சட்டமும் போட்டார்கள். சென்னை மாகாணத்துக்கென்று 1858இல் வந்த முதலாம் சட்டம் அது. வெள்ளச் சேதத்தைத் தடுக்கக் கட்டாய உழைப்பைச் சட்டபூர்வமாக்குவதாகத் தலைப்பிலேயே ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. கரை உடையும் ஆபத்து என்றால் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த, உடல்வலுவுள்ள ஆண்களை அதிகாரி கூப்பிடலாம், வராவிட்டால் தண்டனை. இதற்காவது கூலி உண்டு. இன்னொரு பிரிவு வழக்கப்படியான மராமத்தைப் பற்றியது. அந்த வேலைக்குக் கடமைப்பட்டவன் தக்க காரணமின்றி வராமலிருந்தால், அவன் செய்ய வேண்டிய வேலையின் மதிப்பைப் போல் இரு மடங்கு கட்ட வேண்டும். அடிமைத்தனத்துக்குச் சட்ட அங்கீகாரமில்லை என்று 1843இல் அறிவித்த அதே கம்பெனி அரசு, பதினைந்து ஆண்டுகளில் ‘உழைக்கும் வகுப்பு’ என்று ஒரு கூட்டத்தைப் பிரித்து எழுதி வைத்துக்கொண்டது.

உங்கள் ஊர்ப்பக்கமே பாருங்கள். கொள்ளிடத்தில் கீழணை 1836 வாக்கில் எழுந்தது. வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் உறுதியானது. அதற்குப் பணம் வந்தது, ஏனென்றால் வரி கூடும் என்று கணக்குப் போட முடிந்தது. அப்படிக் கணக்குக் காட்ட முடியாத சின்ன ஏரிகளுக்குப் பணம் வரவில்லை, சட்டம் வந்தது. பராமரிப்பு புறக்கணிக்கப்பட்டதை 1852இல் மாகாணத்தின் பொதுப்பணிகளை ஆராய்ந்த ஆணையமே எழுதியிருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் என் பதில் இங்கேயே இருக்கிறது. ஆள் சும்மா கிடைக்கும் வரை மண்ணும் நீரும் தேய்வதன் விலையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. வண்டலை அள்ளக் கூலி கொடுக்க வேண்டியிருந்தால் தூர்ந்த ஏரி அரசுக்கு ஒரு செலவாகத் தெரிந்திருக்கும். அமஞ்சியாக, அதாவது கூலியில்லாக் கட்டாய வேலையாக, வாங்கலாம் என்றதும் அது ஊர்க்காரனின் சோம்பேறித்தனமாகப் பதிவானது.

தீவுகளில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். பியேர் புவாவ்ர் என்றொரு பிரெஞ்சு நிர்வாகி மொரீஷியஸில் 1769இல் ஒரு விதி கொண்டுவந்தார்: நிலம் வைத்திருப்பவர் அதில் கால் பங்கைக் காடாகவே விட வேண்டும். காடு போனால் மழை போகும் என்ற கவலைதான் காரணம். உலகத்தின் ஆரம்பகாலச் சூழல் சட்டங்களில் ஒன்று என்று இதைப் புகழ்வார்கள், புகழட்டும், தகுதியுள்ளதுதான். அந்தத் தீவின் மக்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்களோடு புதுச்சேரியில் ஏற்றப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். மரத்துக்குச் சட்டம் செய்ய முடிந்தவருக்கு மனிதர் விஷயத்தில் கை அவ்வளவு நீளவில்லை.

பிறகு கரும்பு வந்தது. ரெயூனியனில் 1815க்குப் பின் காப்பியைத் தள்ளிவிட்டுத் தாழ்நிலமெல்லாம் அதுவே ஆனது. 1848 டிசம்பர் 20 அன்று அங்கே அடிமைமுறை ஒழிந்தது, கரும்பு நின்றுவிடவில்லை. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் நம்மாட்களைக் கொண்டுபோனார்கள். புதுச்சேரியின் எல்லையைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்களே, ஒரு தெரு பிரெஞ்சுக்காரனுக்கு, அடுத்த வயல் இங்கிலீஷ்காரனுக்கு என்று துண்டு துண்டாகக் கிடந்த பூமி. தென்னார்க்காட்டு ஆளை, ஆள்பிடிக்கும் மேஸ்திரி அந்தப் பக்கம் நடத்திக்கொண்டு போவது பெரிய காரியமே இல்லை. 1861 ஜூலை 1 அன்று இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு இதை முறைப்படுத்தின. 1882இல் பிரிட்டிஷார் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள்.

காடு வெட்டப்பட்ட அந்தத் தாழ்நிலத்தில் 1860களின் பிற்பகுதியில் மலேரியா இறங்கியது. முதலில் மொரீஷியஸ், போர்ட் லூயி நகரில் மட்டும் 1867இல் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அடுத்து ரெயூனியன். கரும்புக் கொல்லையை ஒட்டிய முகாம்களில் கிடந்த கூலிகள் அதற்குத் தப்பவில்லை. இதை எந்தக் கதையில் வைப்பீர்கள், கூலிக் கதையிலா, காட்டுக் கதையிலா?

இங்கே நம் கரையோரத்திலும் ஒன்று உண்டு. 1876–78 பஞ்சத்தில் நிவாரணம் என்பது வேலைதான். பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வந்து ஆண் ஒருவனின் நாள் தானியத்தை ஒன்றரைப் பவுண்டிலிருந்து ஒரு பவுண்டாகக் குறைத்தார், அதாவது அரைக் கிலோவுக்கும் கீழே. கூடச் சில்லறைக் காசு கொஞ்சம். அதைத் தின்று மண் வெட்ட வேண்டும். சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்ட பிறகே 1877 மே மாதத்தில் அளவு கூடியது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அப்போது வெட்டப்பட்டது. அந்தக் கால்வாயின் தென்கோடி மரக்காணம், புதுச்சேரியிலிருந்து சின்னப் பயணம். உப்பளங்களையும் கழுவெளிச் சதுப்புநிலத்தையும் பார்க்கப் போகிறவர்கள் அதைச் சாக்கடை என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். யாரும் கட்டிப்போட்டு வேலை வாங்கவில்லைதான். வெட்டாவிட்டால் சோறில்லை என்பதையும் நான் கட்டாயத்தில்தான் சேர்ப்பேன்.

எல்லாவற்றையும் சேர்க்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். நீலச்சாயம் எடுக்கும் அவுரிப் பயிரைச் சேர்க்கவில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். வங்காளத்தில் அது தோட்டத்துரைகளின் கொடுமை, 1859இல் கலகமே வெடித்தது. தென்னார்க்காட்டில் குடியானவர்கள் தாங்களாகவே பயிரிட்டு, சாயம் எடுத்த சக்கையை நஞ்சைக்கு எருவாகவும் போட்டார்கள். வங்காளத்துக் கதையை அப்படியே கடலூருக்குப் பெயர்த்து எழுதுவது சோம்பல்.

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது, பிரெஞ்சு ஆட்சிக் காலத்துத் தாள்கள் அங்கே உண்டு. அங்கே கிடைக்காவிட்டால் ரெயூனியனின் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அங்கே ஒவ்வொரு கூலிக்கும் ஒரு பதிவெண் கொடுத்திருந்தார்கள். பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய முனுசாமியும் வீராசாமியும் ஆயிரம் பேர் இருப்பார்கள். தகப்பன் பெயர், ஊர், சாதி, உத்தேச வயது, வீட்டில் சொல்லும் ஆண்டு, எல்லாவற்றையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 1882க்குப் பிறகு போனார் என்று வீட்டில் சொன்னால் தீவு மாறியிருக்கலாம். கரீபியக் கடலின் பிரெஞ்சுத் தீவுகளான மார்ட்டினிக், குவாதலூப் பக்கமும் பாருங்கள், அங்கே இன்னும் சில ஆண்டுகள் கப்பல் ஓடியது.