பி.ஜி. (முதுநிலை மருத்துவ மாணவர்) டியூட்டியும் தூக்கமும்: கேள்வி-பதில்

கே: எங்கள் யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் டே காலை 8 மணிக்கு வார்டுக்குள் போனால் மறுநாள் இரவுதான் வெளியே வருகிறேன். வேலை நேர வரம்பே கிடையாதா?

ப: உண்டு. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 1992 ஜூன் ஆணைப்படி தொடர்ச்சியாக 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஆனால் ‘வழக்கமாக’ என்று ஒரு சொல்லைப் போட்டு, தப்பிக்க வழியும் விட்டிருக்கிறார்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 பி.ஜி. விதிமுறையோ ‘நியாயமான வேலை நேரம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. ஆணையத்தின் மனநலப் பணிக்குழு 2024இல் வாரத்துக்கு 74 மணி நேரத்தைப் பரிந்துரைத்தது: வாரம் ஒரு 24 மணி நேர டியூட்டி, ஐந்து நாள் பத்துப் பத்து மணி நேரம், ஒரு நாள் முழு ஓய்வு. பரிந்துரைதான், ஆனால் துறைத் தலைவரிடம் பேச இதுவே நல்ல பிடி. ‘முடியவில்லை சார்’ எடுபடாது. நான்கு வாரம் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் குறியுங்கள். யூனிட்டில் எல்லாரும் கையெழுத்திட்டு, மாற்று ரோஸ்டரையும் சேர்த்துக் கொடுங்கள். தனியாகப் போனால் ஃபைனல் எக்ஸாம் வரை உங்கள் பெயர்தான் அடிபடும்.

கே: பாதியில் கிளம்பினால் நோயாளிக்கு ஆபத்து என்கிறார் சீனியர்.

ப: பாதி சரி. ஆபத்து கிளம்புவதில் இல்லை, நோயாளியை அடுத்த டாக்டரிடம் ஒப்படைப்பதில். அமெரிக்கா, கனடாவில் 9 குழந்தைகள் பிரிவுகளில் ஐ-பாஸ் என்ற ஒப்படைப்பு முறையைக் கொண்டுவந்தபோது மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014இல் ஆய்வு வெளியானது. வரிசை இது: நோயின் தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டியவை, ‘இப்படி ஆனால் இதைச் செய்’, கடைசியில் வாங்கிக்கொள்பவர் திருப்பிச் சொல்வது. நம் வார்டுகளில் விட்டுப்போவது கடைசி இரண்டும்தான். ‘12ஆம் பெட், பொட்டாசியம் ரிப்போர்ட் வரணும்’ என்பது ஒப்படைப்பு ஆகாது; ‘6க்கு மேல் வந்தால் உடனே ஈ.சி.ஜி., கால்சியம் குளுக்கோனேட், எனக்கு போன்’ என்பதே ஒப்படைப்பு.

கே: டியூட்டி முடிந்து பைக்கில் போகலாமா?

ப: வேண்டாம். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருடையதற்குச் சமம் என்று 1997 ஆய்வொன்று காட்டியது. நம் சட்ட வரம்பு 0.03.

கே: எம்.பி.பி.எஸ். சீட் இரட்டிப்பாகியும் ஏன் ஆளில்லை?

ப: 2014க்கு முன் 51,348 இடங்கள், 2024இல் 1,12,112. ஆனால் ஒரு சீட் டாக்டராக ஐந்தரை ஆண்டு பிடிக்கும். அதன்பின்னும் பலர் வார்டில் நிற்பதில்லை, முதுநிலை நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்கு கோச்சிங்கில் இருக்கிறார்கள். 836 பேருக்கு ஒரு டாக்டர் என்ற 2024 அரசுக் கணக்கில் ஆயுஷ் (சித்தா, ஆயுர்வேதம் போன்ற) மருத்துவர்களும் அடக்கம்.

கே: மனநல மருத்துவரைப் பார்த்தால் கல்லூரிக்குத் தெரிந்துவிடுமா?

ப: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. தயக்கமிருந்தால் வெளி மருத்துவமனையில் காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, 24 மணி நேரமும், தமிழிலும். தூக்கம் வரவில்லையென்று நீங்களே அல்பிரசோலம் மாத்திரை எழுதிக்கொள்ளாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் டியூட்டி ரூமில் தனியாக இருக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் இப்போதே சொல்லுங்கள்.