5 சிவப்பு, 3 நீலப் பந்துகள்: நிகழ்தகவில் ஏன் பெருக்குகிறோம்?

பையில் 5 சிவப்புப் பந்துகளும் 3 நீலப் பந்துகளும் இருக்கின்றன. எடுத்ததைத் திரும்பப் போடாமல் இரண்டு பந்துகளை எடுத்தால், இரண்டுமே சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன, பின்னங்களை ஏன் கூட்டாமல் பெருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூட்டித்தான் பாருங்களேன். 5/8 + 4/7 = 67/56. ஒன்றைத் தாண்டிவிட்டது! கட்டாயம் நடந்தே தீரும் நிகழ்ச்சிக்கே நிகழ்தகவு 1தான். கூட்டல் இங்கே செல்லாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சரி, பெருக்கல் மட்டும் எப்படிச் செல்லும்? எண்ணிப் பார்த்துவிடலாம். முதல் பந்தை 8 வகையில் எடுக்கலாம்; ஒவ்வொன்றுக்கும் பிறகு இரண்டாவதை 7 வகையில் எடுக்கலாம். ஆக 56 வழிகள். அவற்றில் முதல் பந்து சிவப்பாக வருபவை 5 × 7 = 35. மீதி 21 வழிகள் அந்த இடத்திலேயே கழிந்துபோயின. அவற்றில் இரண்டாவது பந்து என்ன நிறமாக இருந்தாலும் நமக்குக் கவலையில்லை. இந்த 35 வழிகளிலும் பைக்குள் மிஞ்சியிருப்பவை 7 பந்துகள், அதில் 4 சிவப்பு. 35இல் 4/7 பங்கு என்றால் 20. விடை 20/56, அதாவது 5/14. பங்குக்குள் பங்கு எடுக்கிறோம். பின்னப் பெருக்கல் செய்வதும் அதையேதான்.

பலரும் சறுக்குவது இரண்டாவது பின்னத்தில். பகுதியை 7 ஆக்கிவிட்டு, தொகுதியில் 5ஐ அப்படியே விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு பின்னத்தையும் எழுதும் முன் "இந்த நொடியில் பைக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பந்தைத் திரும்பப் போட்டிருந்தால் மீண்டும் 5/8தான். விடை 25/64 ஆகிவிடும்.

சுருக்குவதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: கணக்கில் கூட்டல் பாக்கி இருந்தால் சுருக்கவே மாட்டேன். இரண்டும் சிவப்பு 20/56, இரண்டும் நீலம் 6/56, ஒன்று சிவப்பு ஒன்று நீலம் 30/56 (எந்த நிறம் முதலில் வந்தாலும் 15/56, ஆகவே இரு மடங்கு). மூன்றையும் கூட்டினால் 56/56. பகுதியை அப்படியே வைத்திருந்ததால் விடை சரியா என்பது ஒரே பார்வையில் தெரிகிறது.

"குறைந்தது ஒரு முறை" என்று வரும் கணக்குகளில் நடக்காததைப் பெருக்கிக் கழிப்பதே சுலபம். பகடையை 4 முறை உருட்டினால் ஒரு முறையாவது 6 விழுமா? ஒரு முறைகூட விழாமல் இருக்க 5/6 × 5/6 × 5/6 × 5/6 = 625/1296. விழ 671/1296, பாதிக்குச் சற்று மேல். பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் 1654இல் இன்னொரு கணித அறிஞரான பெர்மாவுக்கு எழுதிய கடிதத்திலும் 671க்கு 625 என்ற இதே விகிதம்தான் இருக்கிறது. இரண்டு பகடைகளை 24 முறை உருட்டி ஒரு முறையாவது இரட்டை ஆறு விழும் என்று பந்தயம் கட்டலாமா என்ற கேள்வியும் அதே கடிதத்தில் வருகிறது. ஒரு பகடையின் 6 முகங்களுக்கு 4 முறை, இரண்டு பகடைகளின் 36 சேர்க்கைகளுக்கு 24 முறை; 4/6உம் 24/36உம் சமம்தானே என்று கட்டினால் கைப்பணம் கரையும்: 35/36ஐ 24 முறை பெருக்கி 1இலிருந்து கழித்தால் ஏறத்தாழ 0.49தான் வரும்.