சிறையிலிருப்பவருக்கு என்ன எழுதுவது?

மதிப்பிற்குரிய ஐயா,

சிறையிலிருப்பவர்களுக்குக் கடிதம் எழுதும் தன்னார்வக் குழு ஒன்றில் இரண்டு மாதங்களுக்கு முன் சேர்ந்தேன். நீண்ட தண்டனை பெற்ற ஒருவருடைய பெயரையும் கைதி எண்ணையும் கொடுத்து, அவருக்கு வெளியிலிருந்து கடிதம் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன என்று மட்டும் சொன்னார்கள். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். 'மனம் தளராதீர்கள்' என்று எழுதினால் எனக்கே பொய்யாகப் படுகிறது. என் வீட்டையும் வேலையையும் பற்றி எழுதினாலோ, அவரிடம் இல்லாததைக் காட்டிப் பெருமையடிப்பதுபோல் இருக்கிறது. போதாக்குறைக்கு, 'அவரால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு யார் கடிதம் எழுதுகிறார்கள்?' என்று என் கணவர் கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

க.

அன்புள்ள க.,

உங்கள் கணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது நியாயமான கேள்வி. அதை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதும் கடிதம் எங்காவது ஓரிடத்தில் தடுமாறும். பாதிக்கப்பட்டவர்களுக்கும் யாரேனும் எழுதத்தான் வேண்டும், ஆனால் உங்கள் கடிதத்தை நிறுத்துவதால் அவர்களுக்கு ஒரு கடிதம் கூடிவிடப்போவதில்லை. நீங்கள் அவரை மன்னிப்பதற்காக எழுதவில்லை. மன்னிக்கும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. 2015ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, நெல்சன் மண்டேலாவின் பெயரால் வழங்கும், கைதிகளை எப்படி நடத்தவேண்டும் என்பதற்கான விதிகளில், சுதந்திரத்தைப் பறிப்பதே தண்டனையின் துன்பம், அதற்கு மேல் அத்துன்பத்தைச் சிறை அமைப்பு கூட்டக்கூடாது என்ற பொருளில் மூன்றாவது விதி அமைந்திருக்கிறது. தேவையான கண்காணிப்புடன் குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்கிறது ஐம்பத்தெட்டாவது விதி. சிறைக்குள் கடிதம் போவது யாரோ இரக்கப்பட்டுக் கொடுக்கும் சலுகையன்று என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவர் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம், அதனாலும் குறையில்லை.

இனி, கிழித்துப்போட்ட கடிதங்களுக்கு வருகிறேன். 'மனம் தளராதீர்கள்' என்ற வரி பொய்யாகப் பட்டதற்குக் காரணம், அது யாருக்கு வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி என்பதுதான். ஊக்கம் கொடுக்கவேண்டும் என்று உட்கார்ந்தால் நாம் அறியாமலேயே ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டு எழுதத் தொடங்கிவிடுகிறோம். படிப்பவர் அதை முதல் வரியிலேயே கண்டுகொள்வார், ஏனென்றால் நாள் முழுதும் மேலிருந்து பேசுபவர்களின் குரலைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். சில ஆண்டுகள் ஒருவருக்கு எழுதிவந்தேன். தொடக்கத்தில் நான் அனுப்பிய நம்பிக்கையூட்டும் கடிதங்களுக்கெல்லாம் 'தங்கள் அன்புக்கு நன்றி' என்று நான்கு வரியில் பதில் வரும். ஒருமுறை எழுத எதுவும் இல்லாமல், வீட்டில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயை நானே சரிசெய்யப்போய் அது முன்பைவிட அதிகமாக ஒழுகத் தொடங்கிய கதையை எழுதினேன். மூன்று பக்கத்துக்குப் பதில் வந்தது. அவர் உள்ளே போவதற்கு முன் குழாய் வேலை செய்தவராம். ஒழுகாமலிருக்கக் குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பை மரையை முடுக்கும் திசையிலேயே சுற்றவேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது அது பிரிந்து சுருண்டுவிடும் என்று படம் வரைந்து விளக்கியிருந்தார். கூடவே என் கைத்திறனைப் பற்றி ஒரு கேலியும் இருந்தது. அடுத்த கடிதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி, குழாய் நின்றதா என்பதுதான். நான் அனுப்பிய தேறுதல் மொழிகள் எதுவும் செய்யாததை அந்த ஒழுகல் செய்தது: அவரிடம் இன்னொருவருக்குக் கொடுப்பதற்கு ஏதோ இருந்தது.

ஜெர்மனியின் சோசலிசப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் முதல் உலகப்போர்க் காலத்தில் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களைப் பற்றி இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவற்றில் பலவும் அவருடைய தோழி சோபி லீப்னெக்டுக்கு எழுதப்பட்டவை. சோபியின் கணவர் கார்ல் லீப்னெக்டும் அப்போது வேறொரு சிறையில் இருந்தார். அடைபட்டிருந்த ரோசாதான், பறவைகளையும் செடிகளையும் சிறை முற்றத்தில் வண்டியிழுத்து வந்து அடிபட்ட எருமைகளையும் பற்றி எழுதி, வெளியே இருந்த சோபியைத் தேற்றினார். யார் யாருக்கு ஊக்கம் கொடுக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளாதீர்கள்.

ஆகவே உங்கள் வீட்டைப் பற்றியும் வேலையைப் பற்றியும் தாராளமாக எழுதுங்கள். சுற்றுலாவும் விருந்தும் மட்டுமே நிறைந்த கடிதம்தான் உறுத்தும். அன்றாடத்தின் சிறு தோல்விகளும் பாதியில் நிற்கும் வேலைகளும் உறுத்துவதில்லை. அவருடைய கருத்தைக் கேளுங்கள், ஆனால் வழக்கைப் பற்றிக் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் படியுங்கள், துருவ வேண்டாம். கடிதத்தை அதிகாரி ஒருவர் பிரித்துப் படிக்கக்கூடும் என்பதையும், அதில் எழுதியது வழக்கில் வேறு விதமாகப் பயன்படக்கூடும் என்பதையும் மறக்கக்கூடாது. தண்டனை பெறாத விசாரணைக் கைதி ஒருவருக்கு எழுதுவதானால் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. விடுதலை, மேல்முறையீடு, வேலை, பணம் ஆகியவற்றைப் பற்றி உங்களால் நிறைவேற்ற முடியாத எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டு முகவரிக்குப் பதிலாகக் குழுவின் முகவரியைக் கொடுப்பது அவரை அவமதிப்பதாகாது. அவர் அதைப் புரிந்துகொள்வார்.

தணிக்கையைப் பற்றி ஒரு சிறு நடைமுறை யோசனை உண்டு. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் மண்டேலா கடைநிலை வகுப்புக் கைதியாக இருந்தபோது ஆறு மாதங்களுக்கு ஒரு கடிதம் எழுதவும் ஒரு கடிதம் பெறவும்தான் அனுமதி. அந்த ஒன்றிலும் ஆட்சேபத்துக்குரிய வரிகளை முதலில் மையால் அடித்தார்கள். மையைக் கழுவிவிட்டுப் படிக்க முடியும் என்று தெரிந்ததும் பிளேடால் வெட்டியெடுத்தார்கள். தாளின் இருபுறமும் எழுதியிருந்தால் ஒருபுறம் வெட்டும்போது மறுபுறமிருந்த குற்றமற்ற வரிகளும் சேர்ந்து போயின. இன்று பிளேடு இல்லாத சிறைகளிலும் கடிதத்தை நகலெடுத்து நகலை மட்டும் கொடுக்கும் வழக்கம் பெருகிவருகிறது. தாளின் ஒருபுறம் மட்டும், தெளிவான பெரிய எழுத்தில் எழுதுங்கள். சரளமாகப் படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்திலிருப்பவரைப் படித்துக்காட்டச் சொல்வதும் உண்டு. அதனால் உரக்கப் படித்தால் அவருக்குக் கூச்சம் தரக்கூடிய எதையும் எழுதாதீர்கள். ஒட்டுப்படம், மினுமினுப்புத் தூள், வாசனைத் தாள், உலோகக் கிளிப் போன்றவற்றுக்காகவே கடிதம் திருப்பி அனுப்பப்படலாம். உறைமேல் கைதி எண்ணை விட்டுவிடக்கூடாது. மற்ற விதிகள் சிறைக்குச் சிறை மாறும், குழுவினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. உற்சாகத்தில் வாரம் ஒரு கடிதம் எழுதி மூன்றாம் மாதம் காணாமல் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதவே எழுதாதவர் இவர்களைவிடக் குறைவாகவே தீங்கு செய்கிறார். உள்ளே இருப்பவரிடம் உங்கள் மௌனத்துக்குக் காரணம் தேட நேரம் நிறைய இருக்கிறது, காரணத்தைச் சரிபார்க்க வழிதான் இல்லை. கடைசியில் தான் எழுதிய ஏதோ ஒரு வரிதான் உங்களைப் புண்படுத்திவிட்டது என்று முடிவுசெய்துகொள்வார். மாதம் ஒரு கடிதம்தான் உங்களால் முடியுமென்றால், முதல் கடிதத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். ஒருநாள் நிறுத்த வேண்டி வந்தாலும், இதுவே கடைசிக் கடிதம் என்றும் ஏன் என்றும் எழுதிவிட்டு நிறுத்துங்கள். பதில் வரத் தாமதமானால் உடனே மனம் சோர்ந்துவிடாதீர்கள். தணிக்கையில் தேங்கியிருக்கலாம், அவரை வேறு சிறைக்கு மாற்றியிருக்கலாம், அல்லது பல ஆண்டுகளுக்குப் பிறகு வந்த கடிதத்துக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் அவரும் மூன்று முறை எழுதிக் கிழித்திருக்கலாம்.

நீங்கள் கிழித்ததையே, எழுத வராமல் கிழித்ததாகவே முதல் கடிதத்தில் எழுதுங்கள். மேலே தேதி போடுங்கள். அவர் கைக்கு வரிசை மாறிப் போய்ச்சேர்ந்தாலும் அடுக்கிப் படித்துக்கொள்வார்.

அன்புடன்.