சாவு குறைந்த வருஷம்

மதிப்பிற்குரிய ஐயா,

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ சபையில் பதிமூன்று வயதிலிருந்து கீபோர்டு வாசிக்கிறேன். இப்போது இருபத்தாறு. சபையில் சம்பளம் கிடையாது. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு மெல்லிசைக் குழுவோடு போகிறேன். கல்யாண வரவேற்பு, சில சமயம் கோயில் கொடைத் திருவிழா. போன மாதம் கொடையில் நான் அம்மன் பாட்டுக்கு வாசித்ததை யாரோ போனில் எடுத்து சபை குரூப்பில் போட்டுவிட்டார்கள். கமிட்டிப் பெரியவர் ஒருவர், "இரண்டு எஜமான்களுக்கு ஊழியஞ்செய்யக் கூடாது தம்பி" என்றார். அதே வாரம் ஒரு அடக்க ஆராதனைக்கு வாசித்துவிட்டு ஆட்டோ செலவு கேட்டிருந்தேன். அதையும் சேர்த்துச் சொல்லிக் காட்டினார். இன்னொன்று, ஆராதனையில் பல நாள் எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. அடுத்த பாட்டுக்கு என்ன ஸ்கேல் என்றுதான் மனசு ஓடுகிறது. இதெல்லாம் தேவனுடைய அழைப்புதானா?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

ஆட்டோ செலவிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்களை அதிகம் குத்தியது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

1730 அக்டோபரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து, அங்கே ஆலய இசையைக் கவனித்துவந்த இசையமைப்பாளர் பாக் தன் பழைய நண்பர் எர்ட்மானுக்கு ஒரு கடிதம் எழுதினார். உன் ஊரில் வேலை ஏதாவது இருந்தால் பார்த்துச் சொல் என்று கேட்கிற கடிதம். அதில் வரவுக் கணக்கையும் எழுதியிருக்கிறார். வருஷத்துக்குச் சுமார் 700 தாலர், அந்தக் காலத்து வெள்ளி நாணயம். சாவு கூடினால் அதுவும் கொஞ்சம் கூடும்; நல்ல காற்று வீசி ஊர் ஆரோக்கியமாக இருந்துவிட்டால் குறையும். போன வருஷம் அடக்க வருமானத்தில் மட்டும் 100 தாலருக்கு மேல் போச்சு என்று குறைப்பட்டுக்கொள்கிறார். ஊரில் போதுமான ஆள் சாகவில்லையே என்று வருத்தப்படுகிற அதே கைதான், எழுதி முடித்த இசைத்தாளின் அடியில் 'தேவனுக்கு மாத்திரமே மகிமை' என்பதன் லத்தீன் முதலெழுத்துகள் மூன்றைப் போட்டுவைத்தது. இரண்டும் ஒரே மேஜையில்தான் நடந்திருக்கும்.

நான் கேட்க வெட்கப்பட்டே இருபது வருஷம் ஓட்டினேன். ஒரு சபையில் அடக்கம் முடிந்து காபி தருவார்கள், அவ்வளவுதான். அந்த வெட்கத்தை விசுவாசம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். அடக்கத்துக்கு இவ்வளவு, கல்யாண ஆராதனைக்கு இவ்வளவு. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றும் வேண்டாமென்றால் அதையும் எழுதுங்கள்.

அடுத்தது, அந்த இரண்டு எஜமான். அந்த வசனத்தில் இரண்டாவதாக வருவது உலகப்பொருள். மெல்லிசை இல்லை. சபையில் உலகப்பொருளின் கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை.

1733 செப்டம்பரில் சாக்சனி இளவரசரின் பிறந்தநாள். சிம்மர்மான் என்ற காபிக்கடைக்காரரின் தோட்டத்தில் பாக் ஒரு கன்டாட்டா, அதாவது பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்த பாட்டுத் தொடர், நடத்தினார். கிரேக்கக் கதை வீரன் ஹெர்குலிஸ் வாலிபனாக வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில் நிற்கிறான். சிற்றின்பமே ஒரு பாத்திரமாக வந்து, தூங்கு என் அன்பே, ஆசை இழுக்கிற பக்கம் போ என்று அவனைத் தாலாட்டுகிறது. அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ என்ற அவருடைய நீண்ட ஆலய இசைப்படைப்பில், டிசம்பர் 26 அன்று, ஆலயத்தில் அதே மெட்டு வந்தது, தொழுவத்தில் கிடக்கிற பாலகனுக்குத் தாலாட்டாக. 'தூங்கு என் அன்பே' என்ற தொடக்கத்தைக்கூட மாற்றவில்லை. ஸ்கேலை பி ஃப்ளாட்டிலிருந்து ஜி-க்கு இறக்கி, உச்சக் குரலான சோப்ரானோ பாடியதை அதற்குக் கீழ்க் குரலான ஆல்ட்டோவுக்குக் கொடுத்தார். மயக்கப் பாடின மெட்டு குழந்தையைத் தூங்கவைக்கவும் சரியாக இருந்தது. உங்கள் பெரியவர் அன்று அந்த ஆலயத்தில் இருந்து, தோட்டத்துக்கும் முந்தின வருஷம் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் அம்மன் பாட்டு விஷயத்துக்கு பாக் சாட்சி சொல்ல வரமாட்டார். அந்தத் தோட்டத்தில் ஹெர்குலிஸ் வெறும் கதாபாத்திரம், அவனை யாரும் கும்பிடவில்லை. கொடையில் எதிரே நிற்கிற ஜனம் கும்பிட வந்த ஜனம். நான் வாசித்திருக்கிறேன். விடிய விடிய வாசித்துவிட்டு எட்டரை மணி ஆராதனைக்கும் போய் உட்கார்ந்திருக்கிறேன். எங்களோடு ஒரு கிட்டார்க்காரர் இருந்தார், நல்ல கை. கல்யாணத்துக்கு வருவேன், கொடைக்கு வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவரை யாரும் குழுவை விட்டு அனுப்பவில்லை. இது உங்கள் மனசாட்சி உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியது. போன் வீடியோவுக்குப் பயந்து எடுக்காதீர்கள், நான் சொன்னேன் என்றும் எடுக்காதீர்கள்.

அப்புறம், ஒன்றும் தோன்றுவதில்லை என்கிறீர்கள். பாக் 1733-ல் தன் பெயரெழுதிவைத்த விளக்கவுரை பைபிள் ஒன்று, மூன்று பெரிய வால்யூம், இப்போது அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் இருக்கிறது. அதில் 1 நாளாகமம் 25-ம் அதிகாரத்துக்குப் பக்கத்தில், தேவனுக்குப் பிரியமான ஆலய இசைக்கெல்லாம் அஸ்திவாரம் இதுதான் என்று கைப்பட எழுதியிருக்கிறார். எடுத்துப் படித்துப் பாருங்கள். இசைக்காரர்கள் தீர்க்கதரிசனம் சொன்னதாக ஆரம்பத்தில் வருகிறது, சரி. மீதி? 288 பேர், 24 வகுப்பு, யாருக்கு எந்த முறை என்று சீட்டுப் போடுகிறார்கள். கடைசிவரை பெயர், பெயர், பெயர். நம் கொயர் ரிஜிஸ்டர் மாதிரியே இருக்கும். பாக் பேனாவை எடுத்தது அந்த இடத்தில்.

நான் வாசித்தது கால் ஆர்மோனியம். துருத்தியை எலி கடித்துவிடும். நற்கருணைப் பாட்டு மூன்றாவது கவியில் காற்று இறங்க ஆரம்பிக்கும். இரண்டு காலையும் வேகவேகமாக மிதித்து நாலாவது கவியைக் கரைசேர்ப்பேன். அப்போது என் மனசில் இருந்ததெல்லாம் துருத்திதான். அடுத்த ஸ்கேலை யோசிக்கிற நீங்கள் என்னைவிடப் பரவாயில்லை.

அந்தத் தாலாட்டு இரண்டும் இணையத்தில் கிடைக்கும். கேட்டுவிட்டு இரண்டு ஸ்கேலிலும் வாசித்துப் பாருங்கள். ஸ்கேலை மாற்றித் தருகிற டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொடாமல்.