பால் சேராது, பருப்பு சேராது, யூரிக் அமிலமும் அதிகம்: புரதத்துக்கு நான் என்ன செய்வது?

பால் குடித்தால் வயிற்றுப்போக்கு, பருப்பு சாப்பிட்டால் உப்புசம், ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுதல், ஆனால் ஜிம்மில் தினமும் 100 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றும் எனக்கும் உண்டு. ஆறு வருடமாக இவற்றோடு சாப்பிட்டுப் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த 100 கிராமை விட்டுவிடுங்கள். அது யாரோ ஒருவருடைய உடம்புக்குப் போட்ட கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும். சராசரித் தேவை 0.66 கிராம்தான், ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் 0.83 என்று வைத்திருக்கிறார்கள். என் எடை 62 கிலோ, எனவே எனக்கு ஏறக்குறைய 51 கிராம். கடுமையாக எடை தூக்குபவர்களுக்கும் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கும் இதைவிடக் கூடுதலாக வேண்டும், கிலோவுக்கு 1 முதல் 1.2, சிலருக்கு 1.6 வரைகூட. அப்படிப் பார்த்தாலும் பலருக்கு 100 வராது. தானியத்திலும் புரதம் இருப்பதை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. சமைக்காத தானியம் 200 கிராமில் 14 முதல் 24 கிராம் வரை கிடைக்கிறது.

இந்தக் கணக்கு தெரியாமல் நானும் 100ஐத் துரத்தினேன். பாலிலிருந்து எடுத்த வே புரதப் பொடியை இரண்டு மாதம் கலக்கிக் குடித்தேன். தினமும் வயிறு புரண்டது. உடம்பு போகப் போகப் பழகிக்கொள்ளும் என்று நம்பினேன். பால் குடித்தால் எனக்கு ஆகாது என்று தெரிந்தும், பொடியில் லாக்டோஸ் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. எந்த உணவு ஆகவில்லை என்பதோடு நிற்காமல், அதில் உள்ள எது ஆகவில்லை என்று தேட வேண்டும் என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். அதன் பிறகு என் சாப்பாட்டில் விலக்கியவற்றைவிடத் திரும்பச் சேர்த்தவையே அதிகம்.

பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அதைச் செரிக்கும் நொதி குறைந்தவர்களுக்குத்தான் வயிறு கலங்குகிறது. பாலின் புரதத்துக்கு அதில் பங்கில்லை. 250 மில்லி பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கும். அந்த அளவைச் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் பலருக்குத் தொந்தரவு வருவதில்லை. எனக்கு வெறும் வயிற்றில் அரை டம்ளர்கூட ஆகாது, சாப்பிட்ட பிறகு அதே அரை டம்ளர் ஒன்றும் செய்யாது. தயிரில் உள்ள நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை நமக்காகச் செரித்துவிடுகின்றன. நன்றாக முதிர்ந்த கடினமான சீஸில் அது மிச்சமிருப்பதே அரிது.

ஆனால் பால் பட்டதும் உதடு வீங்குவது, தோலில் தடிப்பு எழும்புவது, மூச்சு இரைப்பது என்று வந்தால் அது வேறு விஷயம். அது பால் புரதத்துக்கு எதிராக வரும் ஒவ்வாமை. அவர்களுக்கு லாக்டோஸ் நீக்கிய பாலும் ஆபத்துதான். இந்த ஒரு இடத்தில் 'கொஞ்சம் சாப்பிட்டுப் பார்ப்போம்' என்ற சோதனையே கூடாது.

பருப்பு, பயறு விஷயத்தில் உப்புசத்துக்குக் காரணம் அவற்றில் உள்ள ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது, யாருக்குமே கிடையாது. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கவைக்கும்போது வாயு உண்டாகிறது. குடல் எளிதில் எரிச்சலடைபவர்களுக்கு அந்த வாயுவே வலியாகிவிடும். அந்தச் சங்கிலிகள் தண்ணீரில் கரையக்கூடியவை. எனவே இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கெட்டியான டோஃபு (சோயா பாலைத் திரித்துச் செய்யும் கட்டி) எனக்கு வரமாக அமைந்தது. அதை அழுத்திப் பிழியும்போது அந்தச் சங்கிலிகளில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது. வழுவழுப்பான மென் டோஃபுவில் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுவதால் அதற்கு இந்தச் சலுகை இல்லை.

யூரிக் அமிலத்துக்காகப் பருப்பை ஒதுக்கச் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. நானும் ஒரு வருடம் ஒதுக்கினேன், அந்த வருடத்தை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு, யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் கீல்வாதம் (கவுட்) உண்டாகும் வாய்ப்பு கூடியிருந்தது. உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் அதிகமுள்ள காய்கள், பருப்பு வகைகளால் கூடவில்லை. பால் பொருட்கள் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தே இருந்தது. ஆகவே ஈரல் போன்ற உள்ளுறுப்புகள், நெத்திலி, மத்தி போன்ற மீன்கள், பீர், சர்க்கரை சேர்த்த பானங்கள் இவற்றில்தான் கை வைக்க வேண்டும். முட்டையில் பியூரின் மிகக் குறைவு.

என் ஒரு நாள் இப்படிப் போகிறது: இரண்டு முட்டை 12 கிராம், தயிர் 200 கிராமில் 7, கெட்டி டோஃபு 100 கிராமில் 12, வெந்த பருப்பு அரைக் கிண்ணத்தில் 4, தானியத்தில் 18. கூட்டினால் 53. பொடியைத் தொட்டு நான்கு வருடமாகிறது.

இவ்வளவும் சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு. இதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது. என் அப்பாவுக்குச் சர்க்கரை நோயோடு சிறுநீரக நோயும் உண்டு, நான்காம் நிலை. ஆள் மெலிகிறாரே என்று பயந்து காலையும் இரவும் முட்டையும் கோழியுமாகக் கொடுத்தேன். அடுத்த பரிசோதனையில், புரதம் செரித்த பிறகு மிஞ்சும் கழிவான யூரியா ரத்தத்தில் நன்றாக ஏறியிருந்தது. உணவியல் நிபுணர் கோபப்படாமல் உட்காரவைத்து விளக்கினார்: டயாலிசிஸ் செய்யாத நிலையில், சர்க்கரையும் இருந்தால், கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம். அப்பாவின் 70 கிலோவுக்கு 42 முதல் 56 கிராம். ஆனால் புரதத்தைக் குறைக்கும்போது மொத்தச் சாப்பாட்டையும் குறைத்துவிடக் கூடாது. மாவுச்சத்து, எண்ணெயிலிருந்து போதிய கலோரி வராவிட்டால் உடம்பு தன் தசையையே எரித்துக்கொள்ளும். அப்பா மெலிந்ததற்கு அதுதான் காரணம், புரதக் குறைவு காரணமில்லை.

இதையே எல்லா நோய்க்கும் பொருத்திவிடாதீர்கள். டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு அளவு தலைகீழாக மாறி 1 முதல் 1.2 ஆகிவிடும். கல்லீரல் இறுகியவர்களுக்கு (சிரோசிஸ்) ஒரு காலத்தில் புரதத்தைக் குறைக்கச் சொன்னார்கள். அந்த ஆலோசனையை மருத்துவ உலகம் கைவிட்டு, இப்போது 1.2 முதல் 1.5 வரை கொடுக்கச் சொல்கிறது. வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு நோய் என்றால் ஒரே தட்டு ஒத்துவராது.

எனவே எதையும் மாற்றும் முன், சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று அறிய ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் இரண்டையும் பார்த்துவிடுங்கள். கோதுமையும் ஆகவில்லையோ என்ற சந்தேகம் இருந்தால், அதை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்திய பிறகு செய்தால் முடிவு தவறாக வரலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் சோயாவை மாத்திரைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், மருந்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள், சிறிய அளவு, மூன்று நாள். என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, எத்தனை மணி நேரம் கழித்து வயிறு என்ன சொன்னது என்று எழுதுங்கள். நான் தயிரில் தொடங்கினேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம். உங்கள் எடையையும் கிரியேட்டினின் அளவையும் கீழே எழுதினால், மருத்துவரிடம் போகும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்று சேர்ந்து யோசிக்கலாம்.